செஞ்சிக் கோட்டையும் இருகை வாளும்

திண்டிவனத்திலிருந்து மேற்கே திருவண்ணாமலைச் சாலையில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் சென்றதும், ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று மலைகளையும் தன்னுள் அடக்கிச் சுமார் 13 கிலோமீட்டர் சுற்றளவுக்கு மதில் ஓடும் செஞ்சிக் கோட்டையைக் காண்கிறோம். நாயக்கர்களும், பீஜாப்பூர்ப் படைத்தலைவர்களும், மராட்டியரும், மொகலாயரும், பிரெஞ்சுக்காரரும், ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு மறைந்த அந்தக் கோட்டையின் சரித்திரத்தைப் பேராசிரியர் சி. எஸ். சீனிவாசாச்சாரியார் 1943இல் விரிவாகவே எழுதி வைத்தார். கோட்டைக்குச் சரித்திரம் இருப்பதைப் போல, அதன் வாயில்களைக் காத்து நின்றவனுடைய கைவாளுக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அதைச் சிந்திப்பதற்கு இன்று ஒரு புதிய அவசியமும் நேர்ந்திருக்கிறது.

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வீரனின் பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி யுத்தங்களை நடத்தும் ஒரு விளையாட்டு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரால் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயரில் வெளியிடப்பட்டு, அதன் வழித்தோன்றல்களாக எண்ணற்ற ஆட்டங்கள் உலகெங்கும் பரவின. நம் இளைஞர்களிலும் அவற்றை ஆடுவோர் உண்டு. வாளின் குணத்தை எண்களாக வகுத்து வைக்கும் அந்த விதிகள், ஆடுகிறவன் மனத்தில் பழைய வீரர்களைப் பற்றிய அபிப்பிராயமாகவே படிந்துவிடுகின்றன. ஆகையால் அவை உண்மைக்கு அருகில் நிற்க வேண்டும் என்று விரும்புவது வீண் ஆசை அன்று.

வாளுக்கு முன்னே வருவது உருக்கு. பழைய தென்னார்க்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த மேல்சிறுவளூரில் மூசையில் உருக்கு வார்த்த பழங்காலப் பட்டறையின் எச்சங்களை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் கண்டறிந்து 1994இல் வெளியிட்டார். அதே ஜில்லாவின் கடற்கரையில், பரங்கிப்பேட்டையில், 1830ஆம் ஆண்டளவில் இரும்பு ஆலை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத், நம் நாட்டுக் கொல்லர்கள் உருக்குச் செய்த முறையை எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்புத் துண்டுகளோடு உலர்ந்த ஆவாரங்குச்சிகளை நறுக்கிச் சிறு மண்மூசையில் இட்டு, மேலே ஓரிரண்டு எருக்கிலைகளைப் பரப்பி, பிசைந்த களிமண்ணால் வாயை அடைத்து, இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஒரே உலையில் அடுக்கி, இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதினால், ஒவ்வொரு மூசையிலும் ஒரு சிறு உருக்குக் கட்டி உறைந்திருக்கும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் தந்த கரியை உண்டு விளைந்த அந்தக் கட்டிகளே அக்காலத்து உயர்ந்த வாள்களின் மூலப்பொருள். சிறுகச் சிறுகக் கிடைத்த பொருளாதலால், வாளில் வீணான கனத்தைச் சேர்க்க எந்தக் கொல்லனும் ஒருப்பட்டிருக்க மாட்டான்.

இந்த வட்டாரத்தில் வாளின் பழைய உருவத்தைக் காட்டுவன நடுகற்கள். செஞ்சிக்கு மேற்கே செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களில், வீரன் ஒரு கையில் குறுவாளும் மற்றொரு கையில் வில்லோ கேடயமோ ஏந்தி நிற்கக் காண்கிறோம். இரு கைகளாலும் ஒரே வாளைப் பற்றுவது இங்கே பொது வழக்கமாக இருந்ததில்லை. கேடயத்தைத் துறப்பதற்கு நம் வீரன் எளிதில் இசையவில்லை என்பதே அதன் பொருள்.

ஆயினும் இருகைப் பிடியை இந்திய வாள் அறியாதிருக்கவில்லை. 1677இல் சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம், 1690 முதல் 1698 வரை நீண்ட மொகலாய முற்றுகையை இங்கிருந்தே எதிர்த்து நின்றார். பிறகு மொகலாயர் வசமான கோட்டை, புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங்கின் பொறுப்பில் விடப்பட்டது. மராட்டியர் விரும்பிக் கையாண்ட ஃபிரங்கி, ஐரோப்பாவிலிருந்து வந்த நீண்ட நேரான அலகுக்கு நம் நாட்டுப் பிடி பொருத்திய வாள். ராஜபுத்திரர் போற்றிய கண்டா, நுனியை நோக்கி அகன்று மழுங்கிய முனையில் முடியும் நேர்வாள். அலகில் வேறுபட்ட இவ்விரண்டும் பிடியில் உடன்பிறந்தவை. விரல்களை மூடிக் காக்கும் அகன்ற இரும்புத் தகடும், பிடியின் முடிவில் தட்டையான வட்டக் குமிழும், அந்தக் குமிழின் நடுவிலிருந்து புறப்பட்டுச் சற்றே வளைந்து நீளும் ஒரு தண்டும் அவற்றில் அமைந்திருக்கும். வாள் உறையில் இருக்கும்போது கையை ஊன்றுவதற்கு இடமாகும் அந்தத் தண்டு, வாளை உருவி ஓங்கியபின் இடக்கைக்குப் பிடியாகிறது. கேடயம் உடைந்தோ நழுவியோ போன கணத்தில் அதைப் பற்றி, இரு தோள்களின் வலிமையையும் ஒரே வெட்டில் செலுத்தலாம். ஆக, இது பிறப்பிலேயே இருகை வாள் அன்று. வேண்டும் சமயத்தில் இருகை வாளாக மாறவல்லது.

சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங்கே நம் நாட்டார் பாடும் தேசிங்குராஜன். கப்பப் பாக்கி கேட்ட ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானுக்கு இணங்க மறுத்து, சில நூறு குதிரைவீரரோடு பெரும்படையை எதிர்த்து, 1714 அக்டோபரில் அவர் களத்தில் வீழ்ந்தார். மணப்பந்தலிலிருந்து எழுந்து வந்து உடன் போரிட்டு மடிந்த நண்பன் மகமத்கானையும், பாராசாரி என்னும் குதிரையையும் கதைப்பாடல் இன்றும் மறவாமல் சொல்கிறது. குதிரைமேல் இருப்பவனுக்கு ஒரு கை கடிவாளத்துக்கு உரியது. எத்தனை பெரிய பராக்கிரமசாலியும் சேணத்தின்மேல் ஒருகை வாள்வீரனே. குதிரையை இழந்து தரையில் நிற்க நேரும்போதுதான் குமிழ்த்தண்டின் உபயோகம் அவனுக்கு வந்து வாய்க்கும்.

முழுமையான இருகை வாளைக் காண ஐரோப்பாவுக்குத்தான் செல்ல வேண்டும். பதினாறாம் நூற்றாண்டின் ஜெர்மானியக் கூலிப்படைகளில் அதை ஏந்தியவர்கள் இரட்டைச் சம்பளம் பெறும் முன்னணி வீரர்களிடையே இருந்தார்கள். ஆள் உயரத்தை எட்டும் அந்த வாள்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து மூன்றரைக் கிலோ எடைக்குள் அடங்கியவை. அதற்கு மிஞ்சிய கனமுடையவற்றுள் பல, ஊர்வலத்தில் தூக்கிச் செல்வதற்கென்றே செய்யப்பட்டவை. போர்ச்சுகல் நாட்டில் இவ்வகை வாளுக்கு மொந்தாந்தே என்று பெயர். அதன் பயிற்சியைப் பற்றி தியோகு கோமெஸ் தெ ஃபிகெய்ரெது என்பவர் 1651இல் எழுதிய சுவடி, விதிகளாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. குறுகிய தெருவில் நிற்பவனுக்கு ஒரு விதி. கப்பலின் ஒடுங்கிய நடைபாதையில் நிற்பவனுக்கு ஒரு விதி. முன்னும் பின்னும் பகைவர் சூழ்ந்தவனுக்கு ஒரு விதி. ஒரு பெண்மணியைக் காத்து நிற்பவனுக்கு வேறொரு விதி. ஓயாமல் வீசிக்கொண்டே அடிவைத்து நகர்ந்து, நெருங்கும் பலரை எட்டவே நிறுத்துவதுதான் அதன் சாரம். நம் சிலம்ப ஆசான் கூட்டத்தை விலக்கக் கம்பு சுழற்றும் முறையை அறிந்தவர்களுக்கு இந்தத் தத்துவம் உடனே விளங்கும்.

இதனோடு மேசை விளையாட்டின் விதிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 1978இல் வெளியான 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கையேட்டில் இருகை வாளின் பாரம் 25 பவுண்டு, அதாவது பதினோரு கிலோவுக்கு மேல் என்று கணக்கிடப்பட்டது. மெய்யான வாளைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். ஆனால் அதே கையேடு, ஒவ்வோர் ஆயுதத்தையும் வீசுவதற்கு எத்தனை அடி இடம் வேண்டும் என்றும் குறித்திருந்தது. அது போற்றத்தக்க நுட்பம். 2014ஆம் ஆண்டுப் பதிப்பு பாரத்தை ஆறு பவுண்டாகத் திருத்திக்கொண்டது. ஒரு கையாலும் இரு கையாலும் ஆளத்தக்க வாள்களுக்கென்று தனி இனமும் அதில் உண்டு. எடை உண்மையை அடைந்தது. இடத்தின் கணக்கோ கைவிடப்பட்டது. எஞ்சிய வித்தியாசம் பெரும்பாலும் பெரிய பகடை, சிறிய பகடை என்ற அளவில் நின்றுவிட்டது. இருகை வாள் வெறுமனே அதிகமாகக் காயப்படுத்தும் வாள் என்று இளைஞன் நம்பினால், அதன் தலையாய குணத்தை அவன் அறியாமலே போகிறான்.

திருத்தத்திற்கு வழி செஞ்சியிலேயே இருக்கிறது. ராஜகிரியின் உச்சிக்கு ஏறுகிறவர், ஏறத்தாழ 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உள்ள ஒரு பிளவைச் சிறு பாலத்தால் கடந்தே தீர வேண்டும். பாலத்தின் மேல்முனையில் உள்ள வெட்டவெளியில் நீண்ட வாளோடு ஒருவன் நின்றால், ஒருவர்பின் ஒருவராக வரும் பலரை அவன் தடுக்கலாம்; அதே மனிதன் பக்கச்சுவர் நெருங்கிய வாயிலுக்குள் சிக்கிக்கொண்டால், வாளை வீச இடமின்றி, குறுவாள்காரனுக்கு இரையாவான். ஆகவே நல்ல விதி நான்கு செய்திகளைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது என் துணிபு. எட்ட நிற்கும்வரை முதல் வெட்டு நீண்ட வாளுக்கே உரியதாகவும், பகைவன் உள்ளே புகுந்துவிட்டால் அந்த நன்மை அற்றுப்போவதாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் இடமில்லாதவனுக்கு வீச்சு மறுக்கப்பட வேண்டும். பலர் சூழும்போது, ஒருவனைக் கொல்வதைவிட அனைவரையும் விலக்கி நிறுத்தும் ஆற்றல் அதற்கு அளிக்கப்பட வேண்டும். கண்டாவோ ஃபிரங்கியோ ஏந்தியவன், கேடயத்தை எறிந்துவிட்டு இரு கைக்கு மாறும் கணத்தில், வலிமையைப் பெறுவதோடு காப்பை இழப்பதும் ஆட்டத்தில் புலப்பட வேண்டும். குதிரைமேல் அந்த மாற்றத்துக்கே இடமிருக்கக் கூடாது. இவ்வளவும் சேர்ந்தால் பகடையின் எண் சிறிதாக இருந்தாலும் குற்றமில்லை. ஆடுகிறவன் வீரனைப் போல ஆலோசிக்கத் தொடங்குவான்.

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையின் ஆயுதங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கின்றன. செஞ்சிக் கோட்டையோ 2025ஆம் ஆண்டு, மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. விளையாட்டுக்கு விதி எழுதும் இளைஞர்கள் அயல்நாட்டுக் கையேட்டை மட்டும் புரட்டாமல், அருங்காட்சியகத்தில் வாளின் பிடியையும், ராஜகிரியில் வாயிலின் அகலத்தையும் நேரில் அளந்து குறித்துக்கொண்டு எழுத வேண்டும். தேசிங்கின் நாட்டில் பிறந்தவர்கள் வகுக்கும் வாள்விதி, பிற நாட்டாரும் எடுத்துக் கையாளும் தகுதியுடையதாக அமையட்டும்.