நூலுக்கு வெளியே நின்ற மருத்துவச்சி

1857இல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற தமிழ் நூல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. டப்ளின் மருத்துவர் மான்செல் ஆங்கிலத்தில் எழுதிய பேறுகால நூலின் தமிழாக்கம் அது. தமிழில் கொண்டுவந்தவர் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் தங்கி, உள்ளூர் இளைஞர்களுக்கு மேற்கத்திய மருத்துவம் கற்பித்தவர். தமிழ் மாணவர்களின் துணையோடு உடற்கூறு, அறுவை, வேதியியல் என வரிசையாக நூல்களைத் தமிழாக்கினார். அறிவியல் தமிழின் வரலாற்றை எழுதுவோர் எவரும் கிரீனைத் தவறவிடுவதில்லை. நானும் என் வகுப்புகளில் அவரை மதிப்போடுதான் அறிமுகம் செய்கிறேன்.

ஆனால் அந்த நூல் யார் கையில் இருந்தது? கிரீனிடம் பயின்று தேறியவர்கள் அறுபது பேருக்கும் மேல். அனைவரும் ஆண்கள். அந்தக் காலத்து யாழ்ப்பாண வீடுகளில் பேறு நடந்த அறையின் வாசற்படியைக் கணவனே தாண்டுவதில்லை. அந்த அறைக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, வயிற்றில் கை வைத்து, தலை எங்கே கால் எங்கே என்று சொன்னவள் மருத்துவிச்சி. அவளுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவருக்கு அறைக்குள் இடமில்லை. தமிழில் பேறுகால அறிவு அச்சேறிய தொடக்கத்திலேயே இந்த விரிசல் விழுந்துவிட்டது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். மருத்துவன் என்பதற்குப் பெண்பால் மருத்துவச்சி, யாழ்ப்பாணத்தில் மருத்துவிச்சி. இலக்கணப்படி இரண்டும் ஒரே தொழிலைக் குறிக்க வேண்டும். தமிழ் வழக்கில் அப்படி இல்லை. மருத்துவன் எல்லா நோய்க்கும் உரியவன், மருத்துவச்சி பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் உரியவள். மருத்துவம் படித்த பெண்கள் வந்தபோது இந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுக்க எவருக்கும் மனம் வரவில்லை. ‘லேடி டாக்டர்’ என்றார்கள், பிறகு ‘பெண் மருத்துவர்’ என்றார்கள். கையோடு இருந்த சொல்லை விட்டுவிட்டு ஏன் அடைமொழி தேடினோம்? அந்தச் சொல்லில் சாதி ஒட்டியிருந்தது. தமிழகத்தின் பல பகுதிகளில் பேறு பார்த்தவர்கள் முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்துப் பெண்கள். அச்சமூகம் தன்னை மருத்துவர் என்றும் பண்டிதர் என்றும் அழைத்துக்கொள்கிறது. வேறு பல ஊர்களில் தலித் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள். கொல்லைப்புறமாக வந்து, பிள்ளையை எடுத்து, கொடி அறுத்து, நஞ்சைப் புதைத்து, துணி அலசி, கொல்லைப்புறமாகவே போக வேண்டும். கூலி சில படி நெல், வெற்றிலை பாக்கு, ஒரு பழைய சேலை. பிறந்தது ஆணென்றால் கொஞ்சம் கூடும். ஊரின் ஆதி உயிரை முதலில் தொட்ட கையைத்தான் ஊர் தீட்டு என்றது.

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் கதை எல்லோரும் அறிந்தது. இரத்தினாவதிக்குப் பேறுகாலம், காவிரியில் வெள்ளம், தாயால் ஆற்றைக் கடந்து வர முடியவில்லை. சிவன் அந்தத் தாயின் உருவில் வந்து பேறு பார்த்தார். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் சார்த்துகிறார்கள். ஆண் தெய்வமே பெண்ணாகிப் பேறு பார்க்க வந்த இந்தக் கதை எனக்குப் பிடிக்கும். ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன்: வந்த கடவுள் தாயாக வந்தார், மருத்துவச்சியாக வரவில்லை. பேறு பார்ப்பது அன்பின் செயலாகப் புராணத்தில் ஏறியது. அதே செயல் தொழிலாகவும் இருந்தது என்பதற்குப் புராணத்தில் இடம் கிடைக்கவில்லை.

அந்தத் தொழிலின் அறிவு என்ன? மாசமான பெண்ணை நடக்கவும் குனிந்து வேலை செய்யவும் சொல்வது. பொய்வலி எது, இடுப்பைப் பிடிக்கும் மெய்வலி எது என்று பிரித்துச் சொல்வது. வலி தளர்ந்தால் கஷாயம் கொடுத்து எழுப்புவது. விளக்கெண்ணெய் தடவிய கையால் வயிற்றை நீவுவது. படுக்கவைக்காமல், சுவரிலோ இன்னொரு பெண்ணின் மடியிலோ சாய்த்துக் குந்தவைப்பது. பிள்ளை வந்ததும் அவசரப்படாமல் நஞ்சுக்கொடி விழும்வரை காத்திருப்பது. பிறகு பச்சை உடம்புக்குக் காயமருந்து, குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், காலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றும் லாகவம். எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலேயே இருப்பது. ‘தாய் வேறு பிள்ளை வேறாக’ ஆகும்வரை நகராமல் உட்கார்ந்திருப்பது. இவற்றில் சிலவற்றை இன்றைய மருத்துவம் சுற்றிவந்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. கொடியை உடனே இறுக்காமல் ஒரு நிமிடமாவது பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். தாய்க்கு வசதியான நிலையில் பெற்றுக்கொள்ள விடுங்கள், அவள் விரும்பும் துணையை உடன் வையுங்கள் என்றும் சொல்கிறது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது பழம்பெருமை. கதிர் அரிவாளால் கொடி அறுத்தார்கள், அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைத்தார்கள். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி தொப்புள் வழியே ஏற, ஒரு வாரத்தில் வாய் இறுகி உடல் வில்லாய் வளைந்து குழந்தைகள் இறந்தன. தோஷம் என்றார்கள். மஞ்சளாகக் கெட்டியாக வரும் சீம்பாலை ஆகாது என்று பீய்ச்சிக் கொட்டினார்கள். பதிலுக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவினார்கள். பிள்ளை குறுக்கே கிடந்தால், உதிரம் நிற்காமல் போனால், அவளிடம் வழி இல்லை. அப்போது போன உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. இவற்றை மறைத்துவிட்டு மருத்துவச்சியைக் கொண்டாடுவது இறந்த பெண்களுக்குச் செய்யும் துரோகம்.

அதே தராசில் மறுதட்டையும் வைக்க வேண்டும். கிரீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பேறுகாலப் பிரிவுகள் இரண்டு. மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் சுமார் பத்து விழுக்காட்டுத் தாய்மார் ஜன்னி கண்டு இறந்தார்கள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் அதில் பாதியும் இல்லை. பிணவறையில் அறுத்த கையைக் கழுவாமல் மாணவர்கள் பேறு பார்க்க வந்ததே காரணம். அவர் சொன்னதை அவருடைய சக மருத்துவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அழுக்குக் கை ஒரு சாதியின், ஒரு நாட்டின் கையாக மட்டும் இருந்ததில்லை. ஆனால் 1927இல் கேதரின் மேயோ ‘மதர் இந்தியா’ எழுதியபோது, மருத்துவச்சியின் அழுக்கு இந்தியாவின் அழுக்காகவே உலகத்தின் முன் விரிக்கப்பட்டது.

சென்னையில் பேறுகால மருத்துவமனை 1844இல் தொடங்கியது. இன்றைய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் மூலம் அதுதான். அங்கே மருத்துவச்சிப் பயிற்சி பெற்ற மேரி ஷார்லீப் 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவர். பிற்பாடு, 1885இல் கோஷா பெண்களுக்கென மருத்துவமனை தொடங்கியவர். பெண்கள் மருத்துவராகும் கதவைத் திறந்த தலைமுறை அது. அந்தக் கதவு திறக்க ஒரு வாதம் தேவைப்பட்டது: ஆண் மருத்துவரை அந்தப்புரம் ஏற்காது, உள்ளே இருக்கும் மருத்துவச்சியோ அறியாதவள், ஆகவே படித்த பெண் வேண்டும். வாதம் வென்றது. ஒரு பெண் உள்ளே வர இன்னொரு பெண்ணை அறிவற்றவளாக்க வேண்டியிருந்தது என்பதைப் பெண்ணியம் படிக்கிற நாம் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மரபு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தர 1903இல் விக்டோரியா நினைவு நிதி உருவானது, விடுதலைக்குப் பின்னும் அப்படிப் பல முயற்சிகள். எல்லாவற்றிலும் அவள் திருத்தப்பட வேண்டியவள். அவளிடம் எதையாவது கேட்டுக் குறித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் அந்தத் திட்டங்களில் மிகக் குறைவு.

இலங்கை வேறு வழியில் போனது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவை ஒட்டி, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி அரசு ஊழியராகக் கிராமத்துக்கு வந்தாள். சில ஆயிரம் பேருக்கு ஒருத்தி. கருவுற்றவளின் வீட்டுக்கு அவளே போனாள், பேறு பார்த்தாள், பிறந்த குழந்தையை மறுபடி போய்ப் பார்த்தாள், சிக்கல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். 1930களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேலாக இருந்த தாய் இறப்பு, 1950களின் இறுதியில் 400க்கும் கீழே இறங்கியது. மலேரியா ஒழிப்பும் இலவச மருத்துவமும் பெண்கல்வியும் இதில் பங்காளிகள். ஆனால் அவை வீட்டு வாசல்வரை நடந்து வந்தது அவள் காலால்தான். இன்று பேறுகள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டன. குடும்பநல உத்தியோகத்தர் என்ற பெயரில் அவள் இன்னும் வீடுகளுக்குப் போகிறாள்.

தமிழ்நாட்டின் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். கிராம சுகாதாரச் செவிலியர்களும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இல்லாமல், 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 99.6 விழுக்காடு பேறு மருத்துவமனையில் என்ற எண் வந்திருக்காது. தாய் இறப்பு மிகவும் குறைந்த இந்திய மாநிலங்களில் நாமும் உண்டு. அதே ஆய்வின் இன்னொரு எண்: 44.9 விழுக்காடு குழந்தைகள் அறுவை மூலம் பிறந்தன. தனியார் மருத்துவமனைகளில் 63.8. இந்திய அளவில் 21.5. இத்தனை தமிழ்ப் பெண்களின் உடல்கள் ஒரே தலைமுறையில் பெறத் தெரியாதவை ஆகிவிட்டன என்று நான் நம்பவில்லை. நேரமில்லாத மருத்துவர், பயந்த குடும்பம், வழக்குப் பயம், பணம், நல்ல நாள் நட்சத்திரம், உடன் உட்கார ஆளில்லாத வலி அறை, எல்லாம் சேர்ந்த எண் அது. எங்கள் பாட்டிமார் காலத்தில் ஆபத்துக்கு அறுக்க ஆளில்லை. இன்று பொறுக்க ஆளில்லை.

1990களில் தமிழ்நாட்டுப் பெண்களிடம் பேசி சிசிலியா வான் ஹோலன் எழுதிய நூல் 2003இல் வந்தது. வலி வர ஊசி போடச் சொல்லிக் கேட்கும் பெண்களையும், பேறு முடிந்த கையோடு கேட்காமலே கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்ட பெண்களையும் அதில் காணலாம். அவர்களில் பலர் ஏழைகள். திட்டும் அடியும் வாங்கிக்கொண்டே பாதுகாப்புக்காக மருத்துவமனைக்குப் போனவர்கள். மருத்துவச்சி வேண்டுமா மருத்துவர் வேண்டுமா என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பெரும்பாலோர் இரண்டும் வேண்டும் என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

2018இல் ஒன்றிய அரசு மருத்துவச்சி சேவைக்கென வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. மருத்துவரின் மேற்பார்வைக்குக் காத்திராமல் இயல்பான பேற்றைப் பார்க்கவும், தாயின் விருப்பத்தைக் கேட்கவும், சிக்கலை முன்கூட்டி அறிந்து அனுப்பவும் தெரிந்த பெண்களை 18 மாதங்களில் உருவாக்கும் திட்டம். வலியில் துணை, நடக்கவிடல், குந்தவைத்தல், தோலோடு தோலாகக் குழந்தையை அணைக்கவிடல் எல்லாம் பாடத்தில் உண்டு. சேர்வதற்குச் செவிலியர் படிப்பும் பதிவும் வேண்டும். கொல்லைப்புறமாக வந்து போனவளின் பேத்தி அந்தப் படிப்பை முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.