கோவிலம்பாக்கத்தின் நடுவிலொரு ‘அம்’

மேடவாக்கம், மடிப்பாக்கம், கோவிலம்பாக்கம் மூன்றும் சென்னையின் அக்கம்பக்கத்து ஊர்கள். மூன்றிலும் இருப்பது ‘பாக்கம்’ என்ற ஒரே சொல்தான். பழைய வழக்கில் கடலோரக் குடியிருப்பு. மேடவாக்கத்தில் மட்டும் அது ‘வாக்கம்’ ஆகிவிட்டது. புரசைவாக்கமும் வில்லிவாக்கமும் அப்படியே. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே ஒற்றையாக மாட்டிய பகரம் பேச்சில் வகரமாக நெகிழும். மடிப்பாக்கத்தில் அது இரட்டித்துத் தப்பியது. கோவிலம்பாக்கத்தில் அதைக் காப்பாற்றியது முன்னால் நிற்கும் மகர ஒற்று.

அந்த ஒற்று எப்படி வந்தது? தெற்கே கோவில்பட்டியில் இரண்டு சொற்களும் நேராக ஒட்டிக்கொண்டன. இங்கே நடுவில் ஓர் ‘அம்’ புகுந்திருக்கிறது. தொல்காப்பியர் சாரியைகளுள் ஒன்றாகச் சொன்ன அதே ‘அம்’. மரப்பெயர்களோடு மிகவும் பழகியது: புளியம்பழம், ஆலங்காடு, வேலம்பட்டை. ஆல், வேல் என்று லகரத்தில் முடிகிற மரங்களுக்கு அதைச் சேர்த்துப் பழகிய வாய் கோவிலுக்கும் சேர்த்திருக்கும் என்பது என் ஊகம். க, ச, த வந்தால் இதன் மகரம் ங், ஞ், ந் ஆகும் என்பதும் தொல்காப்பிய விதி. சான்றுக்கு வேறெங்கும் போக வேண்டாம். ரேடியல் ரோட்டில், இதே கோவிலம்பாக்கத்து சிக்னலின் பெயர் ஈச்சங்காடு.

சாரியைக்குப் பொருள் இல்லை என்பார்கள் பள்ளியில். வேலை உண்டே! கோவில் என்ற பெயரைப் பாக்கத்துக்கு அடையாக்கித் தருவது அதுதான். இப்படிப் பெயரே பெயருக்கு அடையாகும், ஆண் பெண் பார்த்து உருமாறாது என்பதைத் திராவிட மொழிகளின் இயல்பாக எடுத்துக்காட்டியவர் கால்டுவெல். அவரது ஒப்பிலக்கணம் வெளிவந்தது 1856இல்.

அவரோ 1814இல் அயர்லாந்தில் பிறந்தவர். அந்த மண்ணின் ஐரிஷ் மொழியில் பெயரடை பெயருக்குப் பின்னால் வரும், பாலும் காட்டும். ‘மோர்’ என்றால் பெரிய. தேவாலயத்தைக் குறிக்கும் ‘கில்’ பெண்பால் என்பதால், அதன் பின்னால் ‘வோர்’ என்று ஒலிக்கும். காரணம் நமக்குத் தெரிந்ததுதான். முற்காலத்தில் அத்தகைய பெண்பாற் சொற்கள் உயிரில் முடிந்தன. நடுவில் சிக்கிய மகரம் வகரமாக நெகிழ்ந்தது. ஈற்று உயிர் தேய்ந்து மறைந்த பிறகும் நெகிழ்ச்சி இலக்கணமாகத் தங்கிவிட்டது. ஊர்ப்பெயராக ஆங்கில எழுத்துக்கு மாறியபோது மட்டும் ‘கில் வோர்’ கில்மோர் ஆனது.