சவலைப் பிள்ளையும் எடை அட்டையும்

மலருக்கு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதித் தரணும்னு போன கூட்டத்தில் சொன்னாங்க. கடன், வட்டி, கறவை மாடு பற்றியெல்லாம் மற்றவங்க எழுதுவாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. என் வீட்டுக் கதையும், நர்சிங் படிக்கிற என் நாத்தனார் மகள் பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்ன கொஞ்சம் வரலாறும்தான் எனக்குத் தெரியும். கைக்குழந்தையை மாசாமாசம் எடை போடுற பழக்கம் நம்ம பக்கம் எப்படி வந்ததுன்னு எழுதுறேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் பார்த்ததில்லை. அவனுக்கு ஒன்றரை வயசு ஆகும்போது அம்மா வயிற்றில் அக்கா உண்டாயிட்டா. உடனே பாலை மறக்கடிச்சுட்டாங்க. அதுக்கப்புறம் அவனுக்குக் கஞ்சித் தண்ணியும் ரசம் சோறும்தான். கை கால் சூம்பிப் போச்சு. பிறகு பாதமும் முகமும் உப்ப ஆரம்பிச்சது. "பிள்ளை சதை போடுது"ன்னு சிலர் சந்தோஷப்பட்டாங்களாம். வயசான கிழவிகள் மட்டும் "சவலை பாஞ்சிருச்சு, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க"ன்னு சொன்னாங்க. கயிறு கட்டினாங்க. அப்புறம் ஒரு வயிற்றுப்போக்கு வந்தது, மூணே நாளில் போயிட்டான். அது 1981-ல்.

இதை நான் சொன்னப்போ நாத்தனார் மகள், "அத்தை, இது எங்க புத்தகத்தில் இருக்கு"ன்னா. ஆப்பிரிக்காவில் இப்போ கானா என்கிற நாட்டில், 1930-களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் டாக்டர் வேலை பார்த்திருக்காங்க. உடம்பு உப்பி, தோல் உரிஞ்சு வந்த பிள்ளைகளைப் பார்த்துட்டு, இதை என்னன்னு சொல்வீங்கன்னு அந்த ஊர்ப் பெண்களிடமே கேட்டாங்க. "குவாஷியோர்கர்"னு சொன்னாங்களாம். அடுத்த பிள்ளை வந்ததும் மூத்த பிள்ளைக்கு வருகிற நோய்னு அர்த்தம். அந்தப் பேரையே அந்த அம்மா 1935-ல் மருத்துவப் பத்திரிகையில் எழுதினாங்க. இன்னைக்கும் உலகம் பூரா டாக்டர்கள் அந்தப் பேரைத்தான் சொல்றாங்க. நம்ம சவலையும் அதே கதைதானே. அந்தப் பக்கத்துத் தாயும் இந்தப் பக்கத்துத் தாயும் ஒரே மாதிரி கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க. ஆனா கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு வந்த பிறகு தெரிஞ்சு பெரிசா பிரயோசனம் இல்லை. அதுக்கு முன்னாலேயே தெரியணும்.

அதுக்குத்தான் அட்டை. நைஜீரியாவில் டேவிட் மார்லி என்ற டாக்டர் இமேசி என்ற கிராமத்தில், பிள்ளையின் எடையை மாசாமாசம் புள்ளி வச்சுக் கோடு இழுக்கிற அட்டையைப் பழக்கப்படுத்தினார். அட்டையை ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்காமல் தாய் கையிலேயே கொடுத்தார்.

நம்ம தமிழ்நாட்டுக்கு இது பெரிய அளவில் வந்தது 1980-ல், உலக வங்கி உதவியோடு தொடங்கின ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில். எங்கள் மதுரை மாவட்டமும் அதில் இருந்தது. 6 மாசத்திலிருந்து 3 வயசு வரை உள்ள பிள்ளைகளை உள்ளூர்ப் பெண் ஒருத்தரே மாசாமாசம் எடை போடுவாங்க. எல்லாருக்கும் சத்துணவு கிடையாது. எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் கொடுப்பாங்க, ஏறினால் நிறுத்திடுவாங்க. வீட்டுக்குக் கொடுத்தால் பங்கு போட்டுருவோம்னு மையத்திலேயே உட்கார வச்சு ஊட்டச் சொல்வாங்க.

எங்க ஊருக்குத் தராசு வந்தப்போ யாரும் பிள்ளையைத் தூக்கிட்டுப் போகலையாம். தூளி மாதிரி தொங்கவிட்டு எடை போட்டால் கண்ணு பட்டுடும், பிள்ளை வளராதுன்னு பயம். முதலில் போனது எங்கம்மா, அக்காவைத் தூக்கிக்கிட்டு. "எனக்கு இனி பயப்பட என்ன இருக்கு"ன்னு கேட்டாங்களாம். அப்புறம் மாதர் குழுவில் சேர்ந்து, வறுத்த மாவில் வெல்லம் போட்டுச் சத்துருண்டை பிடிச்சாங்க. தர்மபுரியில் சுய உதவிக் குழு ஆரம்பிச்சது 1989-ல். அதுக்கு முன்னாடியே எங்க ஊர்ப் பெண்கள் பிள்ளை எடைக்காகக் குழுவாக உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சால் எனக்குப் பெருமையா இருக்கு.

இனி என் தப்பு. 2011-ல் என் மகள் பிறந்தா, 2 கிலோ 800. ஆறாம் மாசம் 6 கிலோ 800. ஒன்பதாம் மாசம் 6 கிலோ 900. மூணு மாசத்தில் 100 கிராம்தான். எடை போட்ட இடத்தில் "பச்சையில்தான் இருக்கு, கவலைப்படாதே"ன்னு அனுப்பிட்டாங்க. நானும் நம்பிட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத எங்கம்மா அட்டையை வாங்கிப் பார்த்துட்டு, "கலரைப் பார்க்காதத்தா, கோட்டைப் பாரு, படுத்துக் கிடக்கு"ன்னாங்க. மூணு புள்ளியும் வரிசையாகப் படுத்துத்தான் கிடந்தது. அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

நான் கொடுத்தது என்ன? பருப்பு இறுத்த தண்ணி, தண்ணியா ராகிக் கூழ். வயிறு நிறையும், உடம்பில் ஒட்டாது. பருப்பையே மசிச்சு, சோற்றைக் கெட்டியாகப் பிசைஞ்சு, ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, முட்டையும் சேர்த்து, தாய்ப்பாலையும் நிறுத்தாமல் கொடுக்கச் சொன்னாங்க அம்மா. காய்ச்சல் விட்ட பிறகு ஒரு வேளை கூடுதலாக ஊட்டச் சொன்னாங்க. பத்தாம் மாசம் கோடு லேசாத் தலை தூக்குச்சு. பதினோராம் மாசம் நல்லா ஏறிடுச்சு.

"நம்ம பரம்பரையே ஒல்லி வாகு"ன்னு என் மாமியார் சொல்வாங்க. இப்போ நம்ம அட்டையில் உள்ள கோடு 2006-ல் உலக சுகாதார நிறுவனம் போட்டது. தாய்ப்பால் குடிச்ச பிள்ளைகளை 6 நாட்டில் அளந்து போட்டாங்க. நம்ம டெல்லிப் பிள்ளைகளும் அதில் உண்டு. நல்லாக் கவனிச்சால் முதல் 5 வருஷம் எல்லா நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒண்ணு போலத்தான் வளருதாம். மாமியாரிடம் இதைச் சொன்னேன். ஒத்துக்கலை, ஆனா முட்டை வேக வச்சுக் கொடுத்தாங்க.

எங்க குழுவில் இப்போ மாசக் கூட்டத்துக்குப் பாஸ்புக்கோடு பிள்ளை அட்டையையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கோம். போன மாசம் 7 அட்டை வந்தது. ரெண்டில் கோடு படுத்திருந்தது. ஒரு பிள்ளையை நர்சம்மாவிடம் காட்டியாச்சு. இன்னொரு பிள்ளையின் அம்மா மறுபடி மாசமாயிருக்கா, பாலை நிறுத்திட்டாளாம். வெள்ளிக்கிழமை அவ வீட்டுக்குப் போறோம், எங்கம்மாவும் வர்றாங்க.