1112: தொள்ளாயிரம் வருஷமா, தொண்ணூறு வருஷமா?

போன மாசம் நாகர்கோவில்ல இருந்து என் சித்தி பையன் ஒரு போட்டோ அனுப்பினான். சின்ன வெள்ளிக் காசு. சங்கு முத்திரை, கூடவே 1112ன்னு ஒரு எண். "அண்ணே, 12ஆம் நூற்றாண்டு வேணாட்டுக் காசு. ஆன்லைன்ல 8,000 ரூபாய்க்கு எடுத்துட்டேன்!" தரச்சான்று எதுவும் கிடையாது. விக்கிறவர் சொன்ன கதை மட்டும்தான்.

எனக்கு அப்பவே சந்தேகம். கையால அடிச்ச காசு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, வட்டம் கோணலா இருக்கும். இது அச்சு அசலா மெஷின்ல அடிச்ச வட்டம். அதுவும் 1112ன்னு இன்னைக்கு நாம எழுதுற எண் உருவத்துல! 12ஆம் நூற்றாண்டுல நம்ம பக்கம் இந்த உருவமே கிடையாது.

அப்போ போலியா? நேர்ல போய்ப் பார்த்தேன். வார்ப்புல ஊத்தின போலியா இருந்தா விளிம்புல ஒட்டுக்கோடு தெரியும், லென்ஸ்ல பார்த்தா குட்டிக் குட்டி ஓட்டை தெரியும். ரெண்டும் இல்ல. காந்தம் இழுக்கல. நகைக்கடை மெஷின்ல வெச்சோம், வெள்ளிதான். உரைகல்லுல தேய்க்க விடல. தேய்ச்சா காசோட மதிப்பே போயிடும். பாலீஷும் போடாதீங்க.

காசு நிஜம், கதைதான் போலி. 1112ங்கிறது கொல்லம் ஆண்டு. 824 இல்லன்னா 825 கூட்டணும். ஆக, 1936-37. சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துத் திருவிதாங்கூர் பணம். 1956 நவம்பர் 1 வரைக்கும் நம்ம மாவட்டம் அந்தப் பக்கம்தானே! வீட்டுல பழைய ஆதாரம் இருந்தா எடுத்துப் பாருங்க, இதே ஆண்டுக் கணக்குதான் இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. 1972ஆம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள், அதை வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும். தொள்ளாயிரம் வருஷம்னு அளந்துவிட்டவர் தன்மேலயே கேஸ் எழுதிக்கிட்டார்.

எனக்கு என்ன வருத்தம்னா, நிஜமான கதை இதைவிடப் பெருசு. சுசீந்திரம் கோயில் தெருவுல நடக்கிறதுக்கே 1926ல சத்தியாக்கிரகம் பண்ண வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழிச்சு, 1936 நவம்பர் 12ல ஆலயப் பிரவேச அறிவிப்பு வந்தது. கொல்லம் கணக்குல அது எந்த வருஷம்? இதே 1112, ஐப்பசி 27. அந்த எண்ணை ஒரு ஆள் 12ஆம் நூற்றாண்டுன்னு வித்திருக்கார், நம்ம ஊர்ப் பையனே நம்பி வாங்கியிருக்கான்.

விக்கிறவருக்கு மெசேஜ் போட்டோம். பதிலே இல்ல. 91 வயசு ஆச்சி கையில காசைக் குடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்துல வெச்சுப் பார்த்தா.

"பணம்லா இது! ஏழு பணம் சேர்ந்தாத்தான் ஒரு ரூவா. இதுக்கா லேய் எட்டாயிரம் குடுத்தே?"