சுணை

வைக்கோல் அள்ளிவிட்டு வந்தால் உடம்பெல்லாம் அரிக்குமே, அதுதான் சுணை. நமக்கு அரிப்பு, செடிக்கு அது முள்வேலி. நெல்லில் அதோடு சிலிக்கா என்கிற மணற்சத்தும் சேர்ந்துகொள்ளும். தண்டைத் துளைக்க வரும் புழுவின் வாய் தேய்ந்துபோகும்.

இதைத் தேடும்போது ஒரே பெயர் இரண்டு இடத்தில் தட்டுப்பட்டது: எஃப். ஆர். பார்னெல். நெல்காரர்களுக்கு அவரைத் தெரியும். 1921-இல் கோயம்புத்தூரில் வெளியான ஜி.இ.பி. 24 நெல், அவர் வகித்த 'கவர்ன்மென்ட் எகனாமிக் பாட்டனிஸ்ட்' பதவியின் முதலெழுத்துகளில் பேர் பெற்றது. அதே மனிதர் பிறகு தென்னாப்பிரிக்காவில் பார்பர்ட்டன் என்ற ஊருக்குப் போய்ப் பருத்தியில் இறங்கினார். அங்கே தத்துப்பூச்சி இலைச்சாற்றை உறிஞ்சி, வயலையே சிவக்கவிட்டுக் கொண்டிருந்தது. ஆனால் இலையடியில் சுணை நீளமாகவும் நெருக்கமாகவும் இருந்த செடிகள் தப்பின. தத்துப்பூச்சி முட்டையை இலை நரம்புக்குள் செருகும். மயிர்க்காடு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அப்படிப் பொறுக்கி எடுத்ததுதான் யு4 ரகம். 1949-இல் அவரும் கூட்டாளிகளும் இதை விரிவான கட்டுரையாகவே எழுதினார்கள்.

சரி, நம்ம விருதுநகருக்கு வருவோம். விருதுபட்டி என்ற பேர் 1923-இல் மாறுவதற்கு முன்பே அது பருத்திச் சந்தைதான். கரிசலில் மானாவாரியாக விளைந்த கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தாங்கும், இழைதான் குட்டை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி வந்தது. இழை நீளம், மில்லுக்குக் கொண்டாட்டம். கூடவே பூச்சித் தொல்லையும் ஏறியது. 1919-இல் வந்த மாகாணப் பூச்சிநோய்ச் சட்டத்தை வைத்து, குறித்த தேதிக்குள் பருத்திமாரைப் பிடுங்கச் சொன்னது அரசு. மாரைப் பிடுங்கச் சட்டம்! சிரிப்பாக இருந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது: அடுத்த விதைப்புவரை புழுவுக்குச் சோறு கிடையாது.

அப்போ சுணை நிறைய இருந்தால் போதுமா? அங்கேதான் சிக்கல். தத்துப்பூச்சியை விரட்டும் அதே மயிர் வெள்ளை ஈக்கு நல்ல தங்குமிடம். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சிக்கும் முட்டை ஒட்ட அதுதான் வசதி.

2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி வந்தபோது பேச்செல்லாம் காய்ப்புழுவைப் பற்றித்தான். பி.டி. நஞ்சு தத்துப்பூச்சியை ஒன்றும் செய்யாது. சுணை குறைந்த பி.டி. ஒட்டு ரகத்தை வாங்கியவர் தத்துப்பூச்சிக்கு மறுபடி மருந்துதான் அடிக்க வேண்டும். விதைப் பாக்கெட்டில் காயின் படம் பெரிதாக இருக்கும். இலையின் அடிப்பக்கத்தை யாரும் படம் போடுவதில்லை.