உயிர்த்தெழுதல் பதிவுகளின் முரண்கள்: ரைமாரூஸ் – லெஸ்ஸிங் விவாதத்தின் வழி ஒரு நோக்கு

1777ஆம் ஆண்டில், ஜெர்மானிய நகரமான வூல்ஃபென்பியூட்டலில் நூலகராகப் பணியாற்றிய லெஸ்ஸிங், ஆசிரியர் பெயரைச் சுட்டாது ஒரு கையெழுத்துப் படியின் சில பகுதிகளை வெளியிட்டார். அதனை எழுதியவர் 1768இல் மறைந்த ஹாம்பர்க் பேராசிரியர் ரைமாரூஸ். அப்பகுதிகளுள் ஒன்று, இயேசுவின் உயிர்த்தெழுதலைக் கூறும் நான்கு நற்செய்திகளிடையே பத்து முரண்களை எடுத்துக்காட்டி, இவ்வாறு மாறுபடும் சாட்சியத்தை எந்த நீதிமன்றமும் ஏற்காது என வாதிட்டது. ரெஸ் என்னும் சமய அலுவலர் மறுப்பு நூல் எழுதி, அப்பத்தையும் இணக்கிக் காட்ட முயன்றார். 1778இல் லெஸ்ஸிங் அளித்த மறுமொழி இருவரையுமே முழுதும் ஏற்கவில்லை. முரண்கள் உண்மையானவை, ஆனால் அவற்றைக் கொண்டு நிகழ்வே பொய்யென முடிவுகட்ட இயலாது. லிவி, பொலிபியஸ் போன்ற பண்டைய வரலாற்றாசிரியர்கள் ஒரே போரை வெவ்வேறு விதமாக எழுதியதால் அப்போரே நடக்கவில்லை என எவரும் கூறுவதில்லை என்றார். சாட்சிகளின் முரண் வேறு, சாட்சிகள் கூறியதைப் பின்னர் எழுதியோரின் முரண் வேறு என்பதும் அவரது வாதம்.

இவ்வேறுபாடு இன்றும் பயனுடையது. ஏனெனில் முரண்கள் அனைத்தும் ஒரே தன்மையன அல்ல. கல்லறைக்குச் சென்ற பெண்கள் மாற்கில் மூவர், மத்தேயுவில் இருவர். யோவானில் மகதலா மரியா மட்டுமே பெயர் சுட்டப்படுகிறார். மாற்கில் வெண்ணாடை இளைஞர் ஒருவர். லூக்காவில் ஆடவர் இருவர். வாய்மொழியாகப் பரவிய எச்செய்தியிலும் இத்தகைய வேறுபாடு எதிர்பார்க்கத்தக்கதே. யோவானின் மரியா பன்மையில் பேசுவதைச் சுட்டி, உடன் வேறு பெண்களும் இருந்தனர் என இணக்குவோர் தரும் விளக்கமும் எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று.

இடம் பற்றிய முரணை அவ்வாறு கடந்துவிட முடியாது. உயிர்த்தெழுந்தவர் சீடர்களுக்கு முன்னே கலிலேயாவுக்குச் செல்கிறார், அங்கே அவரைக் காண்பர் என மாற்கின் இளைஞர் அறிவிக்கிறார். மத்தேயு அதனைப் பின்பற்றி, பதினொருவரும் கலிலேய மலையொன்றில் அவரைக் கண்டதாக முடிக்கிறார். மாற்கின் நூலைத் தம் மூலங்களுள் ஒன்றாகக் கொண்டவர் லூக்கா என்பது ஆய்வாளர் பெரும்பான்மையினரின் கருத்து. லூக்காவிலும் அதே இடத்தில் கலிலேயா என்ற பெயர் வருகிறது, பொருளோ மாறிவிட்டது. கலிலேயாவில் இருந்தபோது அவர் சொன்னதை நினைவுகூருமாறு பெண்களுக்குக் கூறப்படுகிறது. காட்சிகள் அனைத்தும் எருசலேமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நிகழ்கின்றன. விண்ணக வல்லமை பெறும்வரை நகரிலேயே தங்குமாறு சீடர்கள் பணிக்கப்படுகின்றனர். லூக்காவின் இரண்டாம் நூலான திருத்தூதர் பணிகள் எருசலேமிலிருந்தே தொடங்குவதை நோக்க, இதனை நினைவுப் பிழை என்பதைவிட ஆசிரியர் செய்த மாற்றம் என்பதே பொருந்தும்.

முதலில் எருசலேம், பிறகு கலிலேயா என்று வரிசைப்படுத்தலாமே எனின், யோவான் 20, 21ஆம் அதிகாரங்கள் அதற்கு இடம் தருகின்றன. லூக்காவின் இறுதி அதிகாரமோ அனைத்தும் ஒரே நாளில் நிகழ்ந்தது போன்ற தோற்றம் தருகிறது. அவரது இரண்டாம் நூல் நாற்பது நாள் இடைவெளி கூறுவது இணக்குவோருக்கு உதவலாம். கூடவே, காலவரிசையை அவ்வாசிரியர் எவ்வளவு தளர்வாகக் கையாண்டார் என்பதையும் அது காட்டிவிடுகிறது.

இணக்கும் முயற்சிக்கு ஒரு பழைய சான்று மாற்கின் சுவடிகளுக்குள்ளேயே உள்ளது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகளில் அந்நூல் 16:8உடன் நின்றுவிடுகிறது. பெண்கள் அஞ்சி எவரிடமும் எதுவும் சொல்லவில்லை. உயிர்த்தெழுந்தவரின் காட்சி எதுவும் இல்லை. பிற்படிகளில் காணப்படும் 9–20 வசனங்கள் மரியாவுக்குக் கிட்டிய காட்சி, வழிநடந்த இருவருக்குக் கிட்டிய காட்சி எனப் பிற நற்செய்திகளில் உள்ளவற்றையே சுருக்கித் தொகுக்கின்றன. துல்லியமான படிகள் முந்தைய இடத்திலேயே முடிவதாக யூசேபியஸ் அக்காலத்திலேயே குறித்துள்ளார்.

நற்செய்திகளுக்கு முன்னர், ஏறத்தாழ பொ.ஆ. 55இல் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடல் தரும் பட்டியலும் இங்கு நோக்கத்தக்கது. கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கும் மேற்பட்டோர், யாக்கோபு, திருத்தூதர் அனைவர், இறுதியில் பவுல் என அது செல்கிறது. வெறுமையான கல்லறையோ, நான்கு நற்செய்திகளும் ஒருமித்துப் பெயர் கூறும் மகதலா மரியாவோ அதில் இல்லை. பெண்களின் சாட்சியம் ஏற்கப்படாது என யோசேபஸ் எழுதிய சூழலில், அதிகாரபூர்வச் சாட்சிகளின் பட்டியலிலிருந்து அவர்கள் விடுபட்டமை வியப்பளிக்காது. அதே சூழலில் நால்வரும் பெண்களையே கல்லறையின் முதற்சாட்சிகளாக நிறுத்தியதை, முழுக்கப் புனைந்த கதை என்னும் ரைமாரூஸின் முடிவால் எளிதில் விளக்க முடியவில்லை.