நிலமும் ஏடும்: செயின்ட் ஹெலினா தீவின் பென் பள்ளி (1862–1948)

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கடலோரத்தில், உப்பங்கழிகளும் சதுப்புகளும் சூழ்ந்த தீவு செயின்ட் ஹெலினா. அங்கே 1862இல் தொடங்கி 1948 வரை நடந்த பென் பள்ளி, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காகத் தென்னகத்தில் எழுந்த முதல் பள்ளிகளுள் ஒன்று. தன் வாழ்நாளின் பிற்பாதியில் அது உழவும் கைத்தொழிலும் கற்பிக்கும் கிராமப் பள்ளியாக நடந்தது. அதைப் பற்றி எழுதியோர் பலரும் அதை நடத்திய பெண்மணிகளின் கதையாகவே எழுதியிருக்கிறார்கள். பள்ளி எதைக் கற்பித்தது, பாடத்திட்டம் ஏன் மாறியது, கடைசியில் ஏன் கதவடைத்தது என்ற கேள்விகளுக்குத் தலைவர்களின் கடிதங்களை மட்டும் வைத்துக்கொண்டு விடை காண முடியாது என்பது என் கருத்து. தீவு மக்களின் கையிலிருந்த நிலத்தையும் அதில் விளைந்த பருத்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உள்நாட்டுப் போரின்போது, 1861 நவம்பர் 7 அன்று வடபுலக் கடற்படை போர்ட் ராயல் துறையைக் கைப்பற்றியது. தோட்ட முதலாளிகள் வீடு வாசலைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ஏறத்தாழ 10,000 பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். சட்டப்படி அவர்கள் இன்னும் அடிமைகள். நடைமுறையில் அவர்களுக்கு எசமானர் இல்லை. உலகச் சந்தையில் பெருவிலை பெற்ற நெட்டிழைப் பருத்தியை விளைவித்த கைகள் அவர்களுடையவை. ஆங்கிலமும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளும் கலந்து பிறந்த குல்லா மொழியைப் பேசினார்கள். எழுத்தறிவோ அவர்களுக்கு விலக்கப்பட்டிருந்தது. அடிமைக்கு எழுதக் கற்பிப்பது குற்றம் என்று 1740ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது; 1834இல் வாசிக்கக் கற்பிப்பதும் குற்றமாயிற்று. நூறாண்டுக்கும் மேலாகச் சட்டம் போட்டுத் தடுத்த ஏட்டுக்கல்வியைத்தான், தடை அகன்றதும் அந்த மக்கள் முதலில் கேட்டார்கள். பள்ளிக்குள் பின்னாளில் எழுந்த பூசலைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் இருத்த வேண்டும்.

லாரா டவுன் 1862 ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து வந்து சேர்ந்தார். அடிமை ஒழிப்பு இயக்கத்தவர். ஹோமியோபதி மருத்துவம் பயின்றவர். வந்த புதிதில் துணிமணி வழங்குவதிலும் மருந்து கொடுப்பதிலும் அவர் பொழுது கழிந்தது. ஜூனில் தோழி எலன் மர்ரி வந்து சேர்ந்ததும், 'ஓக்ஸ்' என்ற தோட்ட மாளிகையில் வயது வந்த மாணவர்கள் 9 பேருடன் வகுப்பு தொடங்கியது. கூட்டம் பெருகவே, அதே ஆண்டு பள்ளி அருகிலிருந்த செங்கல் தேவாலயத்துக்கு மாறியது. 1855இல் அடிமைகளே செங்கல் சுமந்து கட்டிய கோயில் அது. கட்டியவர்கள் மேல்மாடத்தில் ஒதுங்கி அமர, கீழே முதலாளிகள் வழிபட்டார்கள். இப்போது அந்தக் கீழ்த்தளத்தில் அடிமைகளின் பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். தடுப்பே இல்லாத ஒரே கூடத்தில் பல வகுப்புகள் ஒரே வேளையில் நடந்ததால், ஆசிரியைகள் ஒருவர் குரலுக்கு மேல் ஒருவர் குரலை உயர்த்த வேண்டியிருந்தது. அந்த அக்டோபரில் வந்து சேர்ந்த ஷார்லட் ஃபோர்ட்டன், இப்பள்ளியின் முதல் கறுப்பின ஆசிரியை. தீவு வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1864இல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் வெளிவந்தது.

அரசு மற்றொரு பக்கம் நிலத்தைக் கையில் எடுத்திருந்தது. ஓடிப்போன முதலாளிகள் நேரடி வரி கட்டாததால், 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி தோட்டங்கள் பறிமுதலாகி விற்பனைக்கு வந்தன. விடுதலை பெற்ற குடும்பங்கள் பெரும்பாலும் 10 ஏக்கர் அளவில் துண்டு துண்டாக வாங்கின. தென்னகத்தின் மற்ற இடங்களில் விடுதலை பெற்றோர் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுது கடனில் மூழ்கியபோது, செயின்ட் ஹெலினாவில் கறுப்பின உழவர் பெரும்பாலும் சொந்தக் காணிக்காரராக நின்றார்கள். பள்ளிக்கான 50 ஏக்கர் நிலமே ஹேஸ்டிங்ஸ் கேன்ட் என்ற முன்னாள் அடிமையிடமிருந்து வாங்கியது. அவர் பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் ஆனார். பென்சில்வேனியாவின் நிவாரணச் சங்கம் பகுதி பகுதியாகச் செய்து கப்பலில் அனுப்பிய பள்ளிக்கட்டடம் அந்த மண்ணில் பொருத்தப்பட்டது. பள்ளிக்குப் பென் என்ற பெயரும் அந்தத் தொடர்பில் வந்ததே. பள்ளியைத் தந்தவர் வடபுலத்தார் என்று சொல்லும்போது அது எவர் நிலத்தில் நின்றது என்பதையும் சொல்வதே நேர்மை.

லாராவும் எலனும் நடத்திய 40 ஆண்டுகளில் வாசிப்பு, எழுத்து, கணக்கு, புவியியல், வரலாறு ஆகியவையே முதன்மைப் பாடங்கள். ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்தது. சுற்றுவட்டக் கறுப்பினப் பள்ளிகளின் ஆசிரியர்கள் பலர் இங்கே படித்தவர்கள். 1893 ஆகஸ்டில் தீவுகளைச் சூறையாடிய புயலையும் பள்ளி தாங்கி நின்றது. லாரா 1901இல் மறைந்தார்.

அதே ஆண்டு பள்ளியின் திசை மாறியது. அது 'பென் ஆசிரியப் பயிற்சி, கைத்தொழில், வேளாண் பள்ளி' என்று பதிவாயிற்று. அறங்காவலர் குழுவின் தலைமை வர்ஜீனியாவிலிருந்த ஹாம்ப்டன் நிறுவனத்தின் தலைவர் ஹாலிஸ் ஃபிரிசெல் கைக்கு வந்தது. கைவேலையே ஒழுக்கம் தரும், கறுப்பினத்தார் முதலில் தொழிலில் ஊன்றட்டும் என்பது 1868 முதல் ஹாம்ப்டன் வளர்த்த கொள்கை. அங்கே படித்த புக்கர் வாஷிங்டன் அதை அலபாமாவுக்குக் கொண்டுபோய்ப் புகழ் பெற்றார். உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுக்கும் வழி இது என்று டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1903இல் வெளிப்படையாகவே எதிர்த்தார். பென் பள்ளி இந்த நாடளாவிய வழக்கில் ஒரு தரப்பின் முன்மாதிரியாக ஆக்கப்பட்டது. மாற்றத்தை முடிவு செய்தவர்கள் தீவுக்கு வெளியே இருந்தவர்கள்.

இந்நிலையில்தான் ஹாம்ப்டனில் ஆசிரியையாக இருந்த ரொஸ்ஸா கூலீ தலைமையாசிரியராக வந்தார். கிரேஸ் ஹவுஸ் அவருக்குத் துணையாக வந்தார். இருவரும் 1944 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் பள்ளியை நடத்தினார்கள். 1912இல் எழுந்த கோப் கட்டடத்தில் தச்சு, கொல்லு, வண்டிச் சக்கரம் செய்தல், சேணம் தைத்தல், செருப்புத் தைத்தல் எல்லாம் கற்பிக்கப்பட்டன. மூத்தோரிடமிருந்து வழிவழியாக வந்த ஆப்பிரிக்க முறைக் கூடை முடைதலும் பாடமாயிற்று. பள்ளி வளாகத்தின் கட்டடங்கள் சிலவற்றை எழுப்புவதில் மாணவர்களே கைகொடுத்தார்கள்.

பெற்றோர் இதை எளிதில் ஏற்கவில்லை. மண்வெட்டி பிடிக்கத் தங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், அதற்குப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதில்லை என்று அவர்கள் எண்ணினார்கள். உழைப்பென்றாலே அடிமைக்காலம் நினைவுக்கு வரும் தலைமுறை அது. இந்தத் தயக்கத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. தடுக்கப்பட்ட ஏட்டைக் கேட்டுப் பெற்றவர்கள், அது மறுபடி சுருங்குவதைக் கண்டு அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

ஆனாலும் ரொஸ்ஸாவின் திறமை இங்கேதான் தெரிகிறது. விதைப்புக் காலத்தில் பிள்ளைகள் வயலுக்குப் போய்விடுவார்கள், வகுப்பு வெறிச்சோடும். அவர்களைத் திட்டுவதை விட்டுப் பள்ளியையே வயலுக்கு அனுப்பினார். ஒவ்வொரு மாணவருக்கும் வீட்டு நிலத்தில் ஓர் ஏக்கர். அதில் செய்யும் வேலை பள்ளிப் பாடமாகவே கணக்கிடப்பட்டது. மக்காச்சோளம், வள்ளிக்கிழங்கு, பருத்தி எதுவாயினும் பிள்ளையே உழுது விதைத்து எரு இட வேண்டும். ஆசிரியர் கழி கடந்தும் மணல்பாதை நடந்தும் அந்த ஏக்கரைப் பார்க்க வருவார். பிள்ளையின் ஏக்கரில் விளைச்சல் கூடுவதைக் கண்ட தகப்பன் தன் வயலிலும் அந்த முறையைச் செய்து பார்ப்பார் என்பது எதிர்பார்ப்பு. இது சொந்த நிலம் இருந்த தீவில் மட்டுமே நடக்கக்கூடிய பாடம். வாரக்குடியின் பிள்ளைக்கு அவன் பெயரில் சொல்லிக்கொள்ள ஓர் ஏக்கர் எங்கே கிடைக்கும்? ஹாம்ப்டனிலிருந்து வந்த கொள்கைக்கு உயிர் கொடுத்தது 1860களில் அந்த மக்கள் வாங்கிய காணி.

பள்ளி கிராமத்துக்குள்ளும் இறங்கியது. உழவர் கண்காட்சி, கூட்டுறவுச் சங்கம், மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி, குழந்தை நலம் எல்லாம் அதன் பொறுப்பாயின. சியரா லியோனிலிருந்து வந்த இசையறிஞர் பலான்டா தொகுத்த தீவின் பக்திப் பாடல்கள் 1925இல் நூலாயின. 1920களில் ஆப்பிரிக்காவில் பணியாற்றிய சமயப் பணியாளர்களும் கல்வி அதிகாரிகளும் பென் பள்ளியைப் பார்த்துச் செல்ல வந்தார்கள். ரொஸ்ஸா எழுதிய 'ஹோம்ஸ் ஆஃப் தி ஃப்ரீட்' (1926), 'ஸ்கூல் ஏக்கர்ஸ்' (1930) என்ற இரு நூல்களும் இந்தக் காலத்தின் முதன்மைச் சான்றுகள். அவற்றின் நடையில் தாய்மைக்குரிய கனிவோடு, மேலிருந்து பார்க்கும் பார்வையும் கலந்திருக்கிறது. ஹாம்ப்டனில் பயின்ற கறுப்பினத்தவரான ஜோஷுவா பிளான்டன் பண்ணையைத் திறம்பட நடத்தினார். பின்னர் வூர்ஹீஸ் கல்வி நிறுவனத்துக்குத் தலைவராகப் போனார். பென் பள்ளியில் அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. 1862 முதல் 1948 வரை அப்பள்ளியின் தலைவர்கள் எல்லோரும் வெள்ளையர்களே. இதைப் பள்ளியின் பெருங்குறையாகவே நான் கருதுகிறேன்.

வீழ்ச்சி வயலில்தான் தொடங்கியது. முதல் உலகப்போர் முடியும் காலத்தில் காய்ப்புழுவை ஒத்த அழிவைச் செய்யும் பருத்திக் கூன்வண்டு தீவுகளை எட்டியது. நெட்டிழைப் பருத்தி சில ஆண்டுகளில் அழிந்தது. பணப்பயிர் போன பிறகு 10 ஏக்கரை வைத்துக் குடும்பம் நடத்த முடியவில்லை. இளைஞர்கள் சவானாவுக்கும் வடபுல நகரங்களுக்கும் வேலை தேடிப் போனார்கள். 1927இல் போஃபோர்ட் நகரத்துக்குப் பாலம் வந்ததும் போக்குவரத்து இன்னும் எளிதாயிற்று. பள்ளி நல்ல உழவர்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. உழவு அவர்களை வாழவைக்கவில்லை. அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தத்தில் நன்கொடைகளும் வற்றின.

1944இல் தலைமை ஏற்ற ஹோவர்ட் கெஸ்டர், தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தோடு நின்று போராடியவர். அவர் கைக்கு வந்தபோது பணமும் இல்லை, பழைய திட்டத்துக்கு ஆளும் இல்லை. 1948இல் பென் பள்ளியாக இயங்குவது நின்றது. பிள்ளைகளின் கல்வி மாவட்ட அரசுப் பள்ளிகளின் பொறுப்பாயிற்று. இதைக் கெஸ்டரின் தோல்வி என்று எழுதுவது நியாயமாகாது. தனியார் அறக்கொடையின் பேரில் அரசு 80 ஆண்டுகளுக்கும் மேலாகத் தள்ளிவைத்திருந்த கடமை, அப்போதுதான் அதன் கைக்குப் போனது.

வளாகம் சமூகப் பணி மையமாகத் தொடர்ந்தது. கோர்ட்னி சிசலாஃப், எலிசபெத் சிசலாஃப் தம்பதியின் காலத்தில், இரு இனத்தாரும் ஒன்றாகத் தங்கிப் பேச அந்த மாநிலத்தில் கிடைத்த மிகச் சில இடங்களுள் ஒன்றாக அது இருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் இயக்கத்தாரும் இங்கே கூடினார்கள். ஏழை மக்கள் இயக்கத்தின் திட்டம் 1967 நவம்பரில் இங்கே பேசப்பட்டது. 1974இல் வளாகம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 1980இல் இயக்குநரான எமரி கேம்பெல், பக்கத்து ஹில்டன் ஹெட் தீவின் குல்லா மக்களுள் ஒருவர். சுற்றுலா விடுதிகளுக்காக நிலம் கைமாறிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், குடும்பச் சொத்தைக் காப்பது எப்படி என்பதே மையத்தின் முக்கிய வேலையாயிற்று. 2017இல் வளாகத்தின் டாரா மண்டபமும் செங்கல் தேவாலயமும் தேசிய நினைவிடம் ஒன்றில் சேர்க்கப்பட்டன.

கிராமத் தொழிற்கல்விப் பள்ளிகளின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தலைமையாசிரியரின் ஆண்டறிக்கையைப் புரட்டும் அதே மேசையில் அந்த ஊரின் நில விற்பனைப் பதிவேட்டையும் விரித்து வையுங்கள்.